காரைத் தாழ்த்த ஆசையா? வாசகர் கேள்வி – பதில்

காரின் உயரத்தைக் குறைப்பது பற்றி வந்த கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில் எழுதுகிறவர் கோவையில் சஸ்பென்ஷன், அலைன்மென்ட் பட்டறை நடத்துகிறவர்.

கேள்வி: 2010ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். ஜப்பானில் வந்த டைப் ஆர் செடானைப் போல அது தரையை ஒட்டி நிற்க வேண்டும் என்பது என் ஆசை. கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. இங்கே ஒரு லேத் பட்டறையில் நான்கு ஸ்பிரிங்கிலும் ஒவ்வொரு சுற்று வெட்டித் தர 3,000 ரூபாய் கேட்கிறார்கள். வெட்டிவிட்டு மீதிப் பணத்தில் அலாய் வீல் வாங்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: வெட்டாதீர்கள், தம்பி.

உங்கள் ஆசையில் தவறில்லை. நீங்கள் சொல்லும் எஃப்டி2 டைப் ஆர், 2007 முதல் 2010 வரை ஜப்பானில் விற்ற கார். 225 பிஎஸ் எஞ்சின், 18 அங்குலச் சக்கரம், முன்னால் பிரெம்போ பிரேக். உங்கள் 1.8 லிட்டர் சிவிக்குக்கும் அதற்கும் அடிப்படை உடல் ஒன்றே. முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரமான வீல்பேஸ் இரண்டுக்கும் 2,700 மில்லிமீட்டர். பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் முதலில் கண்ணில் படும். ஆனால் ஹோண்டா அந்தக் காரைத் தாழ்த்தியபோது ஸ்பிரிங்கை மட்டும் தொட்டுவிட்டு நிற்கவில்லை. ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக் அப்சார்பர், அதற்கு ஏற்ற டயர் என்று எல்லாவற்றையும் சேர்த்து மாற்றியது.

ஒரு சுற்றை வெட்டினால் என்ன நடக்கும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் காரில் சற்று மாறும். ஆறு சுற்றுள்ள ஒரு முன்பக்க ஸ்பிரிங், தனியாகக் கிடக்கும்போது 350 மில்லிமீட்டர் நீளம். ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2.5 கிலோ எடை வேண்டும். அதன்மேல் 350 கிலோ உட்கார்ந்தால் 140 மில்லிமீட்டர் அமுங்கி 210 மில்லிமீட்டரில் நிற்கும். சக்கரம் மேலே ஏற, ஷாக்கின் பயண முடிவில் இருக்கும் ரப்பர்த் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் முட்டும்வரை இன்னும் 80 மில்லிமீட்டர் இடம் இருக்கிறது என்று வையுங்கள். அதாவது ஒரு பள்ளமோ மேடோ கூடுதலாக 200 கிலோ விசையில் தாக்கினாலும் ஸ்பிரிங் தாங்கும்.

இப்போது ஒரு சுற்றை எடுத்துவிடுகிறோம். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் கடினமாகும். ஆறு ஐந்தானால் 2.5 கிலோ 3 கிலோ ஆகும். நீளம் ஏறத்தாழ 292. அதே 350 கிலோவுக்கு 117 அமுங்கி 175இல் நிற்கும். கார் 35 மில்லிமீட்டர் தாழ்ந்துவிட்டது, பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் மேலே ஏற இருந்த 80 மில்லிமீட்டர் 45 ஆகிவிட்டது. 45ஐ 3ஆல் பெருக்கினால் 135 கிலோ. முன்பு 200 கிலோ தாங்கிய இடம் இப்போது 135இல் பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கும். பழைய தாங்குதிறன் வேண்டுமென்றால் அந்த 45 மில்லிமீட்டருக்குள் ஸ்பிரிங் ஒரு மில்லிமீட்டருக்கு 4.4 கிலோ கேட்கும் அளவுக்குக் கடினமாக இருக்க வேண்டும். வெட்டிய ஸ்பிரிங்கால் அதைத் தரவே முடியாது. தாழ்த்துவதற்கென்றே செய்யப்படும் ஸ்பிரிங்குகள் வேறு தடிமன் கம்பியில், வேறு சுற்று இடைவெளியில் வருவது இதற்காகத்தான்.

“பார்க்கலாம், இன்னும் அரைச் சுற்று” என்று பட்டறையில் சொல்வார்கள். ஒன்றரைச் சுற்று போனால் ஸ்பிரிங்கின் நீளம் 262க்கு இறங்கிவிடும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஷாக் விரிந்து, ஸ்பிரிங் உட்காரும் இரண்டு தட்டுகளுக்கும் நடுவே 290 மில்லிமீட்டர் வரும். 28 மில்லிமீட்டர் இடைவெளியில் ஸ்பிரிங் தளர்ந்து ஆடும். திரும்ப இறங்கும்போது தட்டின் பள்ளத்தில் சரியாக உட்காரும் என்பதற்கு உறுதியில்லை. வேகத்தடையைத் தாண்டியதும் முன்பக்கத்தில் “டங்” என்று ஒரு சத்தம் கேட்டால் அது இதுதான்.

30,000 ரூபாயை நான் செலவழிக்கும் விதம் வேறு. முதலில் ஷாக் அப்சார்பர். 2010 காரில் பழைய ஷாக்கே இன்னும் இருந்தால் அதன் ஆயுள் முடிந்திருக்கும். ராடைச் சுற்றி எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்து வட்டமாகத் தடவுங்கள். மேடும் பள்ளமுமாக அலை அலையாகக் கையில் தட்டுப்பட்டால் ஷாக் வேலை செய்யவில்லை. செத்த ஷாக்கின்மேல் எந்த ஸ்பிரிங்கைப் போட்டாலும் பணம் வீண். கடினமான ஸ்பிரிங் என்றால் இன்னும் மோசம், ஏனென்றால் அது திருப்பித் தள்ளும் வேகத்தை அடக்கவும் ஷாக்குக்குக் கூடுதல் வலு வேண்டும். அடுத்து, சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ், ஷாக்கின் மேல்முனையைத் தாங்கும் முன்பக்க மவுண்ட். இவற்றுக்கே உங்கள் பணத்தில் பெரும்பகுதி போய்விடும். மீதியை எடுத்து வையுங்கள். இன்னும் கொஞ்சம் சேர்ந்ததும், ஐபாக், எச் அண்ட் ஆர் போன்ற நிறுவனங்கள் உங்கள் மாடலுக்கென்றே செய்யும் ஸ்பிரிங் செட் ஒன்றை, 25 முதல் 30 மில்லிமீட்டர் தாழ்வுக்கு மேல் போகாமல், வாங்குங்கள். அலாய் வீல் கடைசியில் வரட்டும்.

பணம் குறைவு என்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. கோவைக்குப் பந்தயக் கார் ஊர் என்ற பெயர் வாங்கித் தந்த கரிவர்தன், 1980களின் கடைசியில் மாருதியின் உறுப்புகளைக் கொண்டு நம் ஊர் இளைஞர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களைச் செய்தார். எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று தெரிந்திருந்தால் குறைந்த பணத்திலும் நல்ல கார் வரும்.

கேள்வி: வெட்டாமல், கேஸ் வெல்டிங் நெருப்பில் ஸ்பிரிங்கைச் சூடாக்கி அமுக்கினால் போதும் என்கிறார் எங்கள் மெக்கானிக். அது பரவாயில்லையா?
– வாசகர், மதுரை

பதில்: வெட்டுவதைவிட மோசம். ஸ்பிரிங் எஃகைத் தொழிற்சாலையில் சிவக்கச் சூடாக்கி, எண்ணெயில் தோய்த்து, பிறகு ஏறத்தாழ 400 முதல் 500 டிகிரியில் மறுபடி பதப்படுத்துகிறார்கள். அந்தப் பதம்தான் ஸ்பிரிங்கைத் திரும்பி எழ வைக்கிறது. கேஸ் நெருப்பில் ஓரிடம் சிவந்துவிட்டால் அங்கே அந்த 500 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள். அந்த இடத்தின் பதம் போயிற்று. இடப்பக்கம் ஒரு அளவு, வலப்பக்கம் ஒரு அளவு அமுங்கும். ஓடஓட இன்னும் அமுங்கும். ஒரு நாள் அந்த இடத்திலேயே ஒடியும். முன்பக்கத்தில் ஸ்பிரிங் தட்டு டயருக்கு மிக அருகில் இருப்பதால், ஒடிந்த முனை டயரைக் கிழிக்கக்கூடும். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போகும்போது அது நடக்கலாம் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த மெக்கானிக்கிடம் வேறு வேலை கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நண்பர்களோடு அடிக்கடி வால்பாறை போகிறேன். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். கார் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு சாய்வு குறையும்தானே? 60 மில்லிமீட்டர் தாழ்த்தலாம் என்று இருக்கிறேன்.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: ஓரளவு வரை நீங்கள் சொல்வது சரி. அதற்கு மேல் நேர்மாறு. பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் நம்ப மறுக்கும் விஷயம் இது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காரின் கீழே குனிந்து முன் சக்கரத்தின் லோயர் ஆர்மைப் பாருங்கள். உள்முனை காரின் சட்டத்தோடும் வெளிமுனை சக்கரத்தோடும் இணைந்திருக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்தில் வெளிமுனை உள்முனையைவிடச் சற்றுத் தாழ்ந்தோ, கிட்டத்தட்ட சமமாகவோ இருக்கும். வளைவில் கார் சாய்வது எந்தப் புள்ளியை மையமாக வைத்து என்பதை இந்த ஆர்மின் சாய்வும் தீர்மானிக்கிறது. காரை இறக்கும்போது அதன் எடை மையமும் இறங்கும், சாயும் மையமும் இறங்கும். ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரே தூணாக நிற்கும் மேக்பெர்சன் வகை முன்பக்க சஸ்பென்ஷனில் சாயும் மையம் வேகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோல். 60 மில்லிமீட்டர் இறக்கினால் ஆர்மின் வெளிமுனை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், நெம்புகோல் நீண்டுவிடும், ஸ்பிரிங் கடினமாக இருந்தும் கார் நீங்கள் எதிர்பார்த்த அளவுக்கு நிமிர்ந்து நிற்காது.

இதோடு, சக்கரத்தைத் திருப்பும் கம்பியான ஸ்டீயரிங் டை ராடின் கோணமும் கெடும். மேடு பள்ளமான வளைவில் நீங்கள் ஸ்டீயரிங்கை அசைக்காமல் பிடித்திருந்தாலும் சக்கரம் தானாகச் சற்றுத் திரும்பும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம் என்று இருக்கும் வால்பாறைச் சாலையில் அது வேண்டவே வேண்டாம்.

லோயர் ஆர்ம் தரைக்கு இணையாக வரும் இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். சாய்வு இன்னும் குறைய வேண்டுமா? நல்ல டயரும், கிடைத்தால், இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பியான ஸ்டெபிலைசர் பாரைப் பின்பக்கத்துக்குச் சற்றுத் தடித்ததாகவும் போடுங்கள். உயரத்தைத் தொடாமலே கார் வேறு மாதிரி திரும்பும். வேகம் பார்க்க வேண்டுமென்றால் மலைச்சாலையில் பார்க்காதீர்கள். 2003 முதல் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம் இருக்கிறது, உங்கள் ஊருக்குப் பக்கம்தான்.

கேள்வி: என் மகன் அவனுடைய காரைத் தாழ்த்திவிட்டான். எங்கள் தெரு வேகத்தடையில் ஒவ்வொரு முறையும் அடியில் இடிக்கிறது. என் கணவருக்கு முதுகு வலி. அந்தக் காரில் ஏறவே பயப்படுகிறார். “பழகிவிடும்” என்கிறான் மகன். பழகுமா?
– வாசகி, சேலம்

பதில்: பழகாது, அம்மா. உங்கள் கணவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிப்படி, பொதுச் சாலை வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டைப் போல மெதுவாக ஏறி இறங்க வேண்டும். அப்படிப்பட்ட தடையில் 2.7 மீட்டர் வீல்பேஸ் உள்ள கார் ஏறினால் முன் சக்கரமும் பின் சக்கரமும் தடையின் மேலேயே நிற்கும். நடுவில் தடை காரின் வயிற்றை நோக்கி உயர்வது 5.4 சென்டிமீட்டர்தான். தரையிலிருந்து 14 சென்டிமீட்டர் இடைவெளி உள்ள கார் தாராளமாகத் தாண்டும். 4 சென்டிமீட்டர் தாழ்த்தியபிறகும், மகன் தனியாகப் போனால், 4 சென்டிமீட்டருக்கு மேல் மிச்சம் இருக்கும். நான்கு பேர் ஏறி, டிக்கியில் பையும் வைத்தால் கார் இன்னும் 3 சென்டிமீட்டராவது அமுங்கும். அப்போது ஒரு விரல் கனம்தான் மிச்சம்.

உங்கள் தெருவில் உள்ளது அந்த விதிப்படியான தடையாக இருக்காது. வீட்டுக்காரர்கள் சிமெண்டில் போட்டுக்கொள்ளும் குட்டையான, செங்குத்தான தடையின்மேல் இரண்டு அச்சும் நிற்காது. அதன் முழு உயரமும் காரின் வயிற்றுக்குள் வரும். மகன் தனியாக ஓட்டும்போது தப்பிப்பதால்தான் பழகிவிடும் என்கிறார். நீங்கள் மூவரும் ஏறும்போது அது வேறு கார்.

முதுகைப் பற்றிச் சொல்ல வேண்டும். வலி வருவது ஸ்பிரிங் கடினமாக இருப்பதால் மட்டும் அல்ல. ஸ்பிரிங்கின் பயணம் முடிந்து ஷாக் பம்ப் ஸ்டாப்பில் மோதும் ஒவ்வொரு தடவையும் அந்த அடி நேராக இருக்கைக்கு வருகிறது. இதை மகனுக்குக் காட்ட ஒரு வழி உண்டு. கம்பிகளைக் கட்டப் பயன்படும் சிறிய பிளாஸ்டிக் டை ஒன்றை, பளபளவென்று இருக்கும் ஷாக் ராடைச் சுற்றி, ஷாக்கின் உடலை ஒட்டி, இறுக்கமாக ஆனால் நகரும்படி கட்டச் சொல்லுங்கள். பின்பக்க ஷாக்கில் கட்டுவது எளிது. நீங்கள் மூவரும் ஏறி உங்கள் தெருவையும் கடைவீதியையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஷாக் அமுங்கும்போது அதன் உடல் அந்த டையை ராடில் மேலே தள்ளிவிடும். அது அங்கேயே நின்றுவிடும். பம்ப் ஸ்டாப் ரப்பருக்குள் போய்ச் செருகிக்கொண்டு நின்றால் வேறு சாட்சி வேண்டாம். பிள்ளைகள் அறிவுரையைவிட அளவை மதிப்பார்கள். நான் பார்த்தவரை இது வேலை செய்கிறது.

பழைய ஸ்பிரிங்குகளை அவர் எங்காவது வைத்திருந்தால் அவற்றையே திரும்பப் போடுங்கள். எடைக்குப் போட்டுவிட்டிருந்தால் புதிதாக வாங்குங்கள், ஆனால் முன்பக்கம் இரண்டும் ஒரே ஜோடி, பின்பக்கம் இரண்டும் ஒரே ஜோடி என்று வாங்குங்கள்.

கேள்வி: 205/55 ஆர்16 டயருக்குப் பதில் 225/45 ஆர்17 போட்டால் கார் தாழுமா?
– வாசகர், கரூர்

பதில்: தாழாது. முதல் டயரின் மொத்த விட்டம் 632 மில்லிமீட்டர், இரண்டாவதன் விட்டம் 634. பக்கச் சுவர் குறைந்து ரிம் பெரிதானதால் இடைவெளி நிறைந்தது போலத் தெரியும், அவ்வளவுதான். அந்தத் தோற்றமே போதும் என்றால் நல்லது, சஸ்பென்ஷனைத் தொடாமல் தப்பித்தீர்கள். 205/50 ஆர்16 போட்டால் கார் உண்மையில் 10 மில்லிமீட்டர் இறங்கும். ஆனால் ஸ்பீடோமீட்டர் 3 சதவீதம் கூடுதலாகக் காட்டும்.

கேள்வி: இணையத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும் காயில் ஓவர் செட் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. உயரத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம் என்கிறார்கள். ஸ்பிரிங் செட்டை விட இது மேலா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இரண்டு வகை உண்டு, வாங்கும் முன் எந்த வகை என்று கேளுங்கள். ஒன்றில் ஸ்பிரிங் உட்காரும் தட்டை மட்டும் மரையில் சுற்றி இறக்குவார்கள். இறக்க இறக்க ஷாக்கின் பயணமும் குறையும். மேலே சொன்ன இடி இதிலும் வரும். மற்றதில் ஷாக்கின் அடி மூட்டே தனியாக மரையில் நகரும். பயணத்தைக் குறைக்காமல் உயரத்தைக் குறைக்கலாம். இரண்டாவதுதான் நல்லது, விலையும் அதிகம். பெயர் தெரியாத மலிவு செட்டுகளில் நான் அதிகம் பார்ப்பது, மழைக்காலம் முடிந்ததும் துருவேறி இறுகிப்போன மரைகள். உயரத்தை மாற்றும் வசதிக்குப் பணம் கொடுத்துவிட்டு அதை மாற்ற முடியாமல் நிற்பார்கள். அந்த விலைக்கு, தாழ்ந்த ஸ்பிரிங்குக்கென்றே ராடைக் குட்டையாக்கிச் செய்த பில்ஸ்டீன் பி8 போன்ற ஷாக் உங்கள் காருக்குக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: காரைத் தாழ்த்தினால் போலீஸ் பிடிக்குமா?
– வாசகர், சென்னை

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. உயரம் ஆர்.சி.யில் எழுதப்படுவதில்லையே என்று சிலர் வாதம் செய்வார்கள். நடுரோட்டில் அதிகாரியிடம் அந்த வாதத்தை நம்பி நிற்காதீர்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து அவர்கள் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சொல்லாமல் செய்த மாற்றம் இழப்பீடு கேட்கும் நேரத்தில் பிரச்சினை ஆகும்.

கேள்வி: நல்ல ஸ்பிரிங் செட் வாங்கிவிட்டேன். எங்கள் ஊர் மெக்கானிக்கிடமே பொருத்தப் போகிறேன். அவரிடம் என்ன சொல்ல வேண்டும்?
– வாசகர், ஈரோடு

பதில்: முதலில், ஸ்பிரிங் கம்ப்ரஸர் கருவி வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஸ்பிரிங்கைக் கயிற்றாலோ கம்பியாலோ கட்டிக் கழற்றுகிறவர் என்றால் வேறு இடம் பாருங்கள். கழற்றும் நேரத்தில் அதற்குள் நூற்றுக்கணக்கான கிலோ விசை அடங்கியிருக்கிறது. அவிழ்ந்தால் மெக்கானிக்கின் உயிர் போகும்.

அடுத்தது, எல்லோரும் விட்டுவிடும் ஒன்று. கார் ஜாக்கியில் தொங்கும்போதே லோயர் ஆர்ம் போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிடுவார்கள். அந்தப் புஷ்ஷின் ரப்பர், நடுவில் உள்ள இரும்புக் குழாயோடு ஒட்டியது. இறுக்கிய நிலைதான் அதற்கு ஓய்வு நிலை. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். கார் சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு விடாது. சில மாதங்களில் ரப்பர் கிழியும், “புது ஸ்பிரிங் சரியில்லை” என்று பழி ஸ்பிரிங்மேல் விழும். போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கி, காரைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி, எடை சக்கரத்தில் இருக்கும்போது முழு டார்க்கில், அதாவது அந்தப் போல்ட்டுக்குக் குறித்த முழு இறுக்கத்தில், இறுக்கச் சொல்லுங்கள். இதற்குக் குழியோ நான்கு தூண் லிஃப்ட்டோ வேண்டும்.

முன்பக்க மவுண்ட்டையும் பேரிங்கையும் இதே வேலையிலேயே மாற்றிவிடுங்கள். பிறகு தனியாகக் கழற்றினால் கூலி இரண்டு முறை. பம்ப் ஸ்டாப்பை வெட்ட வேண்டுமா, எவ்வளவு என்பது ஸ்பிரிங்கோடு வரும் தாளில் இருக்கும். தாளில் இல்லையென்றால் வெட்ட வேண்டாம்.

பொருத்திய அன்றே ஒரு அலைன்மென்ட், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் உட்கார்ந்ததும் இன்னொன்று. மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் டோ கோணம் தவறினால் புது டயரின் உள் ஓரம் ஒரே பருவத்தில் துணி தெரியும்வரை தேயும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி உள்பக்கம் குனிந்து பார்க்க வேண்டும். பின் சக்கரத்தின் அளவுகளையும் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள், முன்பக்கத்தோடு நிறுத்திவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. ஹெட்லைட் தானாக உயரம் சரிசெய்யும் வகை என்றால் அதன் சென்சாரையும் புது உயரத்துக்கு அமைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிச்சம் பாதையை விட்டு வேறெங்கோ விழும். கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளில் எந்தப் பக்கத்தது எது என்று எழுதி ஒட்டி, எண்ணெய் தடவி, சாக்கில் கட்டி வீட்டில் வையுங்கள்.